மோசமான நாளைச் சொல்லுங்கள்

அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் அவள் டாக்டர். எதிரில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறவள் நோயாளியின் அம்மா. முதல் தடவை வருகிறவர்களுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். சிரித்து முடிக்கும்வரை அவளும் பொறுத்திருப்பாள். பிறகு தலையைக் குனிந்து, பாதி தைத்த பள்ளிச் சீருடையின் மேல் எதையோ எழுதுகிற பாவனையில், நிமிராமலே கேட்பாள்.

“ம். சொல்லுங்க.”

அந்த ஒரு “ம்”மில் சிரிப்பு அடங்கிவிடும். எதிரே இருக்கிற ஆஸ்பத்திரியில் அசல் டாக்டர்களும் அப்படித்தான் கேட்பார்கள். அதைக் கேட்டதும், வழியெல்லாம் சேர்த்துச் சேர்த்துக் கொண்டுவந்த பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிர்ச் சந்தில் ஒரு மெஷினையும் ஒரு இஸ்திரிப் பெட்டியையும் வைத்துக்கொண்டு, கால்சட்டை விளிம்பு மடிப்பதும் ஜிப் மாற்றுவதும்தான் அவள் பிழைப்பு. ஆனால் ‘தையல் அக்கா’ என்று விசாரித்தால் சந்தில் பாதிப்பேர் முழிப்பார்கள். ‘ஒத்திகை அக்கா’ என்றால் ஆஸ்பத்திரிக் காவலாளிகூடக் கையை நீட்டி வழி காட்டுவார். நடக்க வராத, பேச்சு வராத, வலிப்பு வருகிற பிள்ளைகளுக்கு அங்கே தனிப் பிரிவு உண்டு. டாக்டரைப் பார்க்க நாள் வாங்கியவர்கள் முதல் நாளே இவளிடம் வந்து, என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போவார்கள்.

“கல்யாணத்துலேர்ந்து ஆரம்பிக்காதீங்க. பிள்ளை பிறக்கிறதுக்குள்ள டாக்டர் அடுத்த ஆளுக்கு மணியை அடிச்சிடுவார்” என்பாள். எதற்காக வந்தோமோ அது முதல் வாக்கியத்தில் வர வேண்டும். ‘வெள்ளை மாத்திரை கொடுக்கிறேன்’ என்று சொல்லக் கூடாது. உலகத்தில் முக்கால்வாசி மாத்திரை வெள்ளைதான், அட்டையோடு கொண்டுபோக வேண்டும். வலிப்பு வருவதை நடித்துக் காட்டுவதைவிட ஃபோனில் படம் பிடித்துக் காட்டுவது நல்லது. கணவர்மார்களுக்கும் இடம் உண்டு. தாங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் நடந்ததற்கெல்லாம் பதில் சொல்ல முந்துகிறவர்கள் என்பதால், பையைத் தூக்கிக்கொண்டு கதவோரம் நிற்க வேண்டிய இடம்.

ஒரு சொல்லுக்கு மட்டும் அந்தக் கடையில் தடை. பரவாயில்லை. ராத்திரி தூங்குகிறானா? பரவாயில்லை டாக்டர். வலி இருக்கிறதா? பரவாயில்லை டாக்டர். அம்மாக்கள் வாயில் அது எச்சில் மாதிரி ஊறிக்கொண்டே இருக்கும். “நீங்க ‘பரவாயில்ல’ன்னதும் அவர் பேனாவை மூடிடுவார். அப்புறம் அதைத் திறக்க வைக்க உங்க பாட்டன் வந்தாலும் ஆகாது” என்று சொல்லி, பெரிய கத்தரிக்கோலின் பிடியால் மேஜையைத் தட்டுவாள். நல்ல நாளைச் சொல்லாதே, மோசமான நாளைச் சொல். அவள் வித்தையின் சாரம் அவ்வளவுதான்.

அந்த வித்தை அவளுக்குச் சும்மா வரவில்லை. அவள் மகனுக்குப் பிறவியிலேயே கைகால் இறுக்கம். அவன் சின்னவனாக இருந்தபோது, டாக்டரிடம் போகும் நாளென்றால் அவனுக்குச் சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, முகத்துக்குப் பவுடர் பூசி அழைத்துப் போவாள். உட்காருவானா என்று கேட்டால், நல்லா உக்காருவான். வேறு ஏதாவது தொந்தரவா என்றால், பரவாயில்லை டாக்டர். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கஷ்டத்தைக் காட்டக் கூடாது என்பதுபோல ஒரு கௌரவம். பரவாயில்லாத பிள்ளையை எதற்கு அடிக்கடி வரச் சொல்வது என்று அவர்களும் தேதியைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். அவனுடைய இடுப்பு மூட்டு நழுவிக்கொண்டிருந்தது தெரியவந்தபோது, அதைத் திரும்ப உட்கார வைக்கும் காலம் தாண்டியிருந்தது. அதன்பிறகு அவள் எந்த டாக்டரிடமும் நல்லதைச் சொன்னதில்லை. இப்போது அவன் வளர்ந்த ஆண்பிள்ளை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, நாலைந்து கடைகளுக்குக் கணினியில் பில் போட்டுக் கொடுக்கிறான். பேச்சு ஒவ்வொரு சொல்லாக இழுத்துத்தான் வரும். ஆனால் வருகிற சொல்லில் ஊசி இருக்கும்.

பிரிவின் முன்மேஜையில் இருக்கும் சிஸ்டர்தான் அம்மாக்களை அக்காவிடம் அனுப்பி வைப்பவள். மாதத்துக்கு ஒரு நாள் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற எலும்பு டாக்டர்கூட ஒருமுறை இவளைப் பார்த்து, “உங்ககிட்டேருந்து வர்றவங்கன்னா தெரிஞ்சிடும்மா, நேரா விஷயத்துக்கு வந்துடறாங்க” என்று சொன்னார். அந்த வாக்கியத்தை அவள் இஸ்திரி போட்டு மடித்து மனசுக்குள் வைத்திருந்தாள். வேண்டும்போது எடுத்து உதறிப் பார்த்துக்கொள்வாள்.

அந்த டாக்டர் வரும் நாளுக்கு முதல் நாள்தான் ஒரு லாரிக்காரரின் மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். ஒன்பது வயசுப் பெண். வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவார்கள். செய்யும் சேட்டைக்கு அது பொருத்தம்தான். கால் இரண்டும் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்கும். குதிகால் தரையில் படாது. சுவரைப் பிடித்தால் நடப்பாள். பேச்சு வாய்க்குள் கூழாங்கல் உருட்டுவதுபோல இருக்கும். அம்மாவுக்கு மட்டும் தெளிவாகக் கேட்கும்.

அவளுக்கு ஓர் ஆபரேஷன் ஆக வேண்டியிருந்தது. இறுகிய தசையை இளக்கிவிட்டால் குதிகால் கீழே இறங்கும், கைத்தடியோடு தனியாக நடக்கலாம் என்று பயிற்சி கொடுக்கிறவர் சொல்லியிருந்தார். எலும்பு டாக்டர் மனம் வைக்க வேண்டும். இதற்கு முன் இரண்டு தரம் அவரிடம் போய், நடக்கிறாளா என்று கேட்டதற்கு, நடக்கிறாள், பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள் அம்மா. அவரும் நல்லது, இன்னும் கொஞ்சம் பயிற்சி செய்யட்டும் என்று அனுப்பிவிட்டார். பிள்ளை வளர வளர எலும்பே முறுக்கிக்கொள்ளும், இந்தத் தடவையை விட்டால் பிறகு கத்தி வைத்தும் பிரயோசனம் இல்லை என்று சிஸ்டர் பயமுறுத்தி அனுப்பியிருந்தாள்.

அக்கா டாக்டர் ஆனாள். “ம். சொல்லுங்க.”

வாண்டுக்கு விளையாட்டு உடனே பிடித்துப்போனது. டாக்டர் நடக்கச் சொன்னதும் மெஷின் பலகையைப் பிடித்து எழுந்து, அங்கிருந்து இஸ்திரி மேஜை, அங்கிருந்து சுவர் என்று கடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மூச்சு வாங்க நின்று, அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பாராட்டுக்குக் காத்திருக்கும் பார்வை.

அக்கா அந்தப் பார்வையைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தாள். “நாளைக்கு இப்படி நடந்து காட்டினா வேலைக்கு ஆகாது. ‘நல்லாத்தானே நடக்குது’ன்னு மறுபடியும் திருப்பி அனுப்பிடுவார். ராத்திரி கால் இழுத்துக்கிட்டு அழறாளே, அதைச் சொல்லுங்க. எழுந்திரிக்கவே முடியாம கிடப்பாளே ஒரு நாள், அந்த நாளைச் சொல்லுங்க.”

வாண்டு மெதுவாகச் சுவரோரம் சரிந்து உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டாம் தரம் அம்மா சொன்னாள். ஒருமுறை காய்ச்சல் வந்து கிடந்த வாரத்தில், கட்டிலிலிருந்து இறங்கவே முடியாமல், கழிவறைக்குக்கூடத் தூக்கிக்கொண்டு போனதை. நிற்க வைத்தால் துணி மாதிரி மடங்கி விழுந்ததை. பக்கத்து வீட்டுக்காரி கேட்டுவிடப் போகிறாளே என்று வாயைப் பொத்தி அழுததை. சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. “இதுதான். அப்படியே சொல்லுங்க, ஒரு எழுத்து மாத்தாதீங்க” என்று முதுகில் தட்டிக் கொடுத்தாள். தரையில் இருந்தபடி வாண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் கோக்கத் தலையைக் குனிந்தபோது அது அக்காவின் கண்ணில் பட்டதுதான். பட்டதோடு சரி.

மறுநாள் அம்மா கேட்டுக்கொண்டதால் அக்காவும் அறைக்குள் போனாள். எலும்பு டாக்டர் நிமிராமல் “ம், சொல்லுங்க” என்றார். அம்மா சொன்னாள். ஒத்திகையில் சொன்னதைவிட நன்றாகவே சொன்னாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். கதவோரம் நின்ற அக்காவுக்குத் தன் பிள்ளை பரிசு வாங்கியதுபோல இருந்தது.

“எங்கே, எழுந்து நில்லும்மா பார்ப்போம்” என்றார் டாக்டர்.

பயிற்சிக்காரர் பிடித்து நிறுத்தினார். வாண்டின் முழங்கால் மடங்கியது. கையை மேஜை விளிம்பில் வைத்துக் கொடுத்தார்கள், விரல்கள் நழுவின. மூன்றாவது தரம் அவள் அப்படியே துணி மாதிரி மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் கட்டிலில் படுக்க வைத்து, காலை மடக்கி நீட்டி, “தள்ளு, என் கையை எதிர்த்துத் தள்ளு” என்றார். அவள் தள்ளவில்லை. மேலே சுற்றும் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகத்தான் சொன்னார். இறுக்கத்தை இளக்குவது பெரிய காரியமில்லை. ஆனால் அந்த இறுக்கத்துக்கு அடியில் பலம் இருக்க வேண்டும். பலம் இல்லாத காலுக்கு இறுக்கம்தான் ஊன்றுகோல். அதையும் எடுத்துவிட்டால் பிள்ளை நிரந்தரமாகப் படுத்துவிடும். ஆபரேஷன் வேண்டாம், நல்ல சக்கர நாற்காலிக்கு எழுதித் தருகிறேன் என்றார்.

அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. “இல்ல டாக்டர், வீட்டுல நிப்பா. நடப்பா டாக்டர்.”

“இப்பத்தானேம்மா எழுந்திரிக்கவே முடியலன்னு சொன்னீங்க?”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் அம்மாவுடையது. அதில் இருந்த வார்த்தை அக்காவுடையது. அம்மா திரும்பி அக்காவைப் பார்த்தாள். அக்கா சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்த்தாள். டாக்டர் மணியை அடித்தார்.

வெளியே நடைவழியில் மகளை பெஞ்சில் இறக்கிவிட்டு அம்மா கைப்பையில் கைக்குட்டையைத் தேடினாள். வாண்டு பெஞ்சிலிருந்து நழுவி இறங்கினாள். பெஞ்சின் முதுகைப் பிடித்து எழுந்தாள். சுவர்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஷூ முனை தரையில் தேய, தண்ணீர்க் குழாய் வரைக்கும் நடந்து போய்த் தண்ணீர் குடித்தாள். வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாக, ஏதோ கேட்டாள்.

அக்காவுக்குப் புரியவில்லை. “என்ன சொல்றா?”

அம்மா மொழிபெயர்ப்பவள் போல எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் சொன்னாள்: “‘நான் நல்லா செஞ்சேனா’ன்னு கேக்கறா.”

அந்த இடத்தில், அந்தக் கணத்தில், அக்கா திரும்பி அந்தக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். கதவு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் தட்டவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்தி, இப்போது போய்ச் சொன்னால் டாக்டர் நம்மைப் பொய்க்காரிகள் என்று நினைத்துவிடுவார், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றாள். நம்மை என்று அவள் சொன்னாளே தவிர, நினைத்தது தன்னைத்தான். இஸ்திரி போட்டு மடித்து வைத்த அந்த வாக்கியம் கசங்கிவிடுமே என்கிற பயம். இதற்கு அடுத்த தடவை இல்லை என்று தெரிந்தேதான் சொன்னாள். அம்மா கையை உருவிக்கொண்டாள், சண்டை போடவில்லை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். வாண்டு அம்மாவின் தோளுக்கு மேலாக அக்காவைப் பார்த்து, இன்னும் பதில் வரவில்லையே என்பதுபோலத் தலையைச் சாய்த்தாள்.

அக்கா கடைக்கு வந்து, ஒரு பள்ளிப் பாவாடைக்கு இடுப்புப் பட்டியைத் தலைகீழாக வைத்துத் தைத்தாள். பிரித்தாள். மறுபடியும் தலைகீழாகவே தைத்தாள். சாப்பிடுகிற நேரத்துக்குக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மகனுக்குச் சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். பாதியை மறைத்துத்தான். டாக்டர் அவசரப்பட்டுவிட்டார், பிள்ளையும் அன்றைக்கென்று பார்த்து ஒத்துழைக்கவில்லை என்கிற மாதிரி. அவன் கரண்டியைத் தட்டில் வைத்தான்.

“நேத்து... கடையில நீங்க ரெண்டு பேரும் ஒத்திகை பாத்தப்போ... அந்தப் பொண்ணு எங்க இருந்துச்சு?”

“அங்கதான். கீழ உக்காந்திருந்துச்சு.”

அவன் சிரித்தான். அவன் சிரித்தால் நாற்காலியும் சேர்ந்து குலுங்கும். “பின்ன என்ன. நல்ல வாத்தியாரம்மா. ஒரே பாடத்துல... பாஸ் பண்ணிடுச்சு.”

அவன் மறுபடியும் கரண்டியை எடுத்து, அதைத் தட்டில் உருட்டிக்கொண்டே, வானிலை பற்றிச் சொல்கிற குரலில் சொன்னான்.

“நானும்... அந்த ரூம்லதான்மா இருந்தேன். எல்லாத் தடவையும்.”

“என்னடா சொல்றே?”

“பெரிய டாக்டர். கண்ணாடிக்காரர். ‘இவனுக்கு ஒண்ணுக்குப் போறதுகூடத் தெரியாது டாக்டர்’னு சொன்னே. எனக்குத் தெரியும். பெல்ட்டைக் கழட்ட... கை வராது. அவ்வளவுதான்.” மூச்சு வாங்கிக்கொண்டான். “அதுக்கப்புறம் அவர் எங்கிட்ட எதையும் கேட்டதில்ல. உங்கிட்டயேதான் கேப்பார். நான்... விசிறியைப் பாத்துக்கிட்டிருப்பேன்.”

அந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. அப்படிச் சொன்னதால்தான் அவனுக்கு வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் வசதி கிடைத்தது. அது தன் கெட்டிக்காரத்தனம் என்று எத்தனையோ அம்மாக்களிடம் அதைக் கதையாகச் சொல்லியிருக்கிறாள், கத்தரிக்கோலைத் தட்டித் தட்டி. அப்போதெல்லாம் அவன் சில நேரம் கடையில்தான் இருந்திருக்கிறான், பட்டன் டப்பாவைப் பிரித்து அடுக்கிக்கொண்டு. அவனை நேரே பார்க்க முடியாமல், பரிமாறி முடித்த பாத்திரத்தை மறுபடியும் கிளறினாள்.

“ஏன்டா சொல்லல?”

“ஒத்திகையில... எனக்கு வசனம் இல்லையே” என்றான்.

அதைச் சொல்லிவிட்டு அவன் சாப்பிட ஆரம்பித்தான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பஸ் நிலையத்தில் அம்மாவும் மகளும் இன்னும் ஊருக்குப் புறப்பட்டிருக்கவில்லை, வண்டி தாமதம். அம்மா இவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டரிடம் போய் நானே சொல்லிவிடுகிறேன், திரும்ப வாருங்கள் என்று அக்கா சொன்னதற்கு, “எங்களுக்கு ஒத்திகை போதும்கா” என்றாள். அந்த ‘கா’வில் மரியாதை மருந்துக்கும் இல்லை. பிள்ளையை மறுபடி ஒருவர் முன்னால் காட்சிக்கு நிறுத்த மாட்டேன், கால் போனாலும் போகிறது என்றாள். பிறகு அழுதாள்.

அக்கா வாண்டின் எதிரே தரையில் குத்தவைத்து உட்கார்ந்தாள். சுற்றிலும் மூட்டை முடிச்சோடு ஜனம். இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளையிடம் நேராகப் பேச அவளுக்கு ஒரு வாக்கியமும் தயாராக இல்லை.

“கண்ணு, நேத்து நான் தப்பாச் சொல்லிட்டேன். நீ கடையில நடந்தியே, அதுதான் நல்லா செஞ்சது. அதைப் பாத்து நான் சந்தோஷப்பட்டிருக்கணும். படாம விட்டுட்டேன். டாக்டர்கிட்டயும் எப்படி நடக்க வருதோ அப்படியே நடந்திருக்கலாம். நீ தப்பு பண்ணல. நான்தான்.”

வாண்டு இவள் கழுத்தில் கிடந்த அளவு நாடாவைப் பார்த்தாள். அதைக் கழற்றக்கூட மறந்து வந்திருந்தாள் அக்கா. பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி எதையோ கேட்டாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“‘நடந்தா திட்டுவாங்களா’ன்னு கேக்கறா.”

அக்கா நாடாவைக் கழற்றிச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டாள். மாட்டார்கள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்ல என்ன யோக்கியதை என்று அடங்கிவிட்டது. வாண்டுதான் முதலில் எழுந்தாள். அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் முகத்தைக் காட்டினாள்.

டாக்டர் புறப்படத் தயாராகிக் கொண்டிருந்தார். நடைவழியில் இன்னும் சில அம்மாக்கள் மருந்துக்குக் காத்திருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் இவளிடம் ஒத்திகை பார்த்தவர்கள். சிஸ்டர் இவளைக் கண்டதும், “என்னக்கா, மறுபடியும்?” என்று சிரித்தாள். தனியாகப் பேச அறை கேட்கலாம் என்றுதான் அக்கா வந்தாள். ஆனால் டாக்டர் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டதால், நின்ற இடத்திலேயே, எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டியதாயிற்று.

பிள்ளை நடக்கும் டாக்டர். நேற்று என் கடையில் நடந்தது. நடந்தால் ஆபரேஷன் கிடைக்காது என்று அது காதுபட நான் சொன்னேன். அதனால் உங்கள் முன்னால் விழுந்து காட்டியது. அம்மா சொன்னது நான் சொல்லிக் கொடுத்தது.

டாக்டர் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. “எத்தனை பேருக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கீங்க?”

“வந்தவங்க எல்லாருக்கும்.”

“அப்ப நான் இத்தனை நாள் கேட்டதுல எதும்மா நிஜம்?”

பெஞ்சில் இருந்த அம்மாக்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி தன் மடியில் இருந்த பிள்ளையின் காதைத் தலைமுடி சரிசெய்வதுபோல மூடினாள்.

“எல்லாம் நிஜம்தான் டாக்டர்” என்றாள் அக்கா. “ஆனா பாதி.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. அவர் பெட்டியை வைத்துவிட்டு, வாண்டு நின்ற இடத்துக்கு வந்து, அம்மாவைக் கேட்காமல் அவளையே கேட்டார்: “இன்னொரு தடவை பார்க்கட்டுமா?” வாண்டு யோசித்துவிட்டுத் தலையசைத்தாள். அறைக்குள் போனார்கள். போகிற போக்கில் அக்காவும் உள்ளே போய்விட்டாள், கால் பழக்கத்தில்.

வாண்டு மேஜை விளிம்பைப் பிடித்து நின்றாள். நின்றவள் டாக்டரைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி நடக்கலாம் அல்லது விழலாம் என்பதுபோலப் பார்த்தாள்.

என்ன முகம் காட்டுவது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. சிரித்தால் அதுவும் ஒரு பாடம். தலையாட்டினால் அதுவும். சும்மா நின்றால், அதிலும் அந்தப் பிள்ளை எதையாவது படித்துவிடும். அவள் திரும்பி வெளியே வந்து கதவைச் சாத்தினாள். நடைவழியில் அத்தனை பேர் பார்க்க, சுவரைப் பார்த்தபடி நின்றாள், பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிறுத்திய பிள்ளைபோல. உள்ளே ஷூ முனை தரையில் தேயும் சத்தம் கேட்டது. நின்றது. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடியும் தேய்ந்தது.

கதவு திறந்தது. அம்மா வெளியே வந்து சிஸ்டரிடம் காகிதத்தை நீட்டினாள். பெரிய ஆஸ்பத்திரியில் வைத்து முழுசாகப் பரிசோதித்துவிட்டு ஆபரேஷனுக்குத் தேதி சொல்வார்களாம். சிஸ்டரிடம்தான் சொன்னாள்; அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. வாண்டு சுவரைப் பிடித்து நடந்து அக்காவைக் கடந்து போனாள். இந்தத் தடவை நின்று எதையும் கேட்கவில்லை.

அக்கா கிளம்பும்போது சிஸ்டர் காகிதங்களை அடுக்கிக்கொண்டே, கொஞ்ச நாளைக்கு யாரையும் அனுப்பவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றாள். தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்றாள் அக்கா. வாசல்வரை அவள் முதுகில் பெஞ்சுக்காரிகளின் பார்வை ஒட்டிக்கொண்டே வந்தது.

வீட்டுக்கு வந்தபோது மகன் விளக்கைக்கூடப் போடாமல் கணினி வெளிச்சத்தில் வேலை செய்துகொண்டிருந்தான்.

“நடந்துச்சா?”

“நடந்திருக்கும். நான் பாக்கல. வெளியில நின்னேன்.”

அவன் தட்டச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினான். கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். அவளுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கைக்குள் இன்னும் அளவு நாடா சுருண்டு, வியர்வையில் நசநசத்துக்கொண்டிருந்தது.

“அடுத்த வாரம் உனக்கு நரம்பு டாக்டர்” என்றாள். வருஷக்கணக்காக அவளே தீர்மானித்து வந்த விஷயத்தை, முதல் தடவையாக, கடன் கேட்கிறவள் போலக் கேட்டாள். “அவர்கிட்ட என்னடா சொல்லட்டும்?”

“நான் சொல்லிக்கிறேன்.”

“நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் அவர் இருக்கணுமே.”

“இருப்பார். அவர் அவசரப்பட்டா... நானும் நிமிராம ‘ம்’னு சொல்றேன்.” திரும்பி மறுபடியும் பில்லைத் தட்டத் தொடங்கினான். “நீ அங்கயும் வெளியிலயே நில்லும்மா.”

பரவாயில்லை என்று நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, சரி என்றாள்.